வயிற்றுக்குள் பட்ட அடி: இழப்பீட்டு வழக்கில் எந்தக் காகிதம் பேசும்?

கார் இடித்து பைக் சாயும்போது ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தினால், வெளியே சிறு சிராய்ப்புகூட இருக்காது. உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கும். சிலருக்கு அன்றே மயக்கம் வந்துவிடும். சிலருக்கு உறைக்குள்ளேயே ரத்தம் தேங்கி, பல நாள் கழித்து வெடிக்கும். கால் முறிந்தவருக்கு எக்ஸ்ரே பேசும். மண்ணீரலை எடுத்தவரோ சாட்சிக் கூண்டில் நல்ல ஆரோக்கியமாகத் தெரிவார். அதனால் இந்த வகை எம்சிஓபி வழக்கு, அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு, ஜெயிப்பதும் தோற்பதும் ஆஸ்பத்திரிக் காகிதங்களில்தான்.

முதலில் ஏ.ஆர். காப்பி, அதாவது அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு. கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியில இருந்து விழுந்துட்டாரு" என்று சொன்னால், "தானே விழுந்தது" என்றே அதில் ஏறிவிடும். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த ஒற்றை வரியைத்தான். எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு இடித்தது என்று சொல்லிப் பதிய வைக்க வேண்டும். தப்பாகப் பதிவாகிவிட்டால், நோயாளி பேசும் நிலைக்கு வந்ததும் போலீஸ் வாக்குமூலத்தில் சரியான விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு சந்தேகம் கூடும்.

அடுத்தது காயச் சான்றிதழ். எலும்பு முறியவில்லை என்பதால் இதில் "சாதாரணக் காயம்" என்று எழுதிவிடுவது உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு கொடுங்காயத்தை எட்டு வகையாகப் பிரிக்கிறது. உயிருக்கு ஆபத்தான காயமும், 15 நாள் கடும் வலி தருவதோ அன்றாட வேலையை முடக்குவதோ ஆன காயமும் எட்டாவது வகை. ஆபரேஷனுக்கு முன்பே சான்றிதழ் தரப்பட்டிருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய் இறுதிக் கருத்தைக் கேட்டு வாங்கி, அதை விசாரணை அதிகாரியிடமும் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதவே போதாது. சிடி ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்ஸ், ரத்தம் ஏற்றிய பதிவு, எடுத்த மண்ணீரலின் பயாப்சி ரிப்போர்ட் ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். வயிற்றில் எவ்வளவு ரத்தம் தேங்கியிருந்தது, கிழிசல் எந்த கிரேடு என்பதெல்லாம் ஆபரேஷன் நோட்ஸில்தான் இருக்கும். விபத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே நாள் இடைவெளி இருந்தால், "இது பழைய நோய்" என்ற வாதம் வரும். மண்ணீரலில் வேறு நோய் இல்லை என்ற பயாப்சி ரிப்போர்ட் அதற்குச் சரியான பதில். பலரும் இதை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைப் போட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)இல் உள்ள இந்த வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

தொகை பெரிதும் ஊனச் சதவீதத்தைப் பொறுத்தது. இங்கேதான் உள்காயக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: டாக்டர் தரும் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த தழும்பில் குடலிறக்கம் வந்து, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், மேஜை வேலை பார்ப்பவருக்குப் பெரிய இழப்பு இருக்காது. மூட்டை தூக்குபவருக்குப் பிழைப்பே போய்விடும். என்ன வேலை, எத்தனை கிலோ தூக்குவார் என்பதை மனுவிலும் சாட்சியத்திலும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கு: வயது 34, சொந்தத் தொழில், மாத வருமானம் 15,000 ரூபாய். எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் (ஆண்டு வருமானத்தை எத்தனை மடங்காக எடுப்பது என்பது) 16. பெருக்கினால் 40,32,000. வருமான இழப்பு 10 சதவீதம் என்று எடுத்தால் 4,03,200 ரூபாய்; 20 என்றால் 8,06,400. வலி வேதனை, மருத்துவச் செலவு, ஆஸ்பத்திரியில் கூட இருந்தவருக்கான செலவு எல்லாம் தனி. காய வழக்கில் சொந்தச் செலவு என்று எதையும் கழிக்கக் கூடாது. கழித்திருந்தால் வக்கீலிடம் கேளுங்கள்.

அந்த 10ஐயும் 20ஐயும் தீர்மானிப்பது டாக்டரின் சாட்சியம். சிகிச்சை கொடுத்த சர்ஜனே சொன்னால்தான் எடை அதிகம். கோர்ட்டுக்கு வர அவருக்கு நேரமில்லை என்றால், கோர்ட் நியமிக்கும் கமிஷனர் மூலம் ஆஸ்பத்திரியிலேயே அவரை விசாரிக்கக் கேட்கலாம். மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல் தடுப்பூசிகள் தேவை. சாதாரணக் காய்ச்சல்கூட வேகமாக ரத்தத் தொற்றாக மாறி உயிரைப் பறிக்கலாம். அந்த ஆபத்து ஆயுள் முழுக்க உண்டு. இவற்றை டாக்டர் வாயால் பதிவு செய்து, எதிர்கால மருத்துவச் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடும் வாங்குங்கள்.

லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம், பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. தழும்பு ஆறி, குடல் ஒட்டுதலோ குடலிறக்கமோ இருக்கிறதா என்று சர்ஜன் பார்த்துச் சொன்ன பிறகே அந்த மேஜையில் உட்காருங்கள்.