கிரகரி வாவியில் அப்பாவும் ஒரு மஞ்சள் தொப்பியும்

அப்பா தன் வாழ்நாளில் குளிருக்கென்று ஓர் உடுப்பு வாங்கியதில்லை. திருகோணமலைக் கரையில் இருக்கிற எங்கள் திருக்கடலூரில் அதற்குத் தேவையும் இல்லை. தைப்பொங்கல் கழிந்த கிழமை நுவரெலியா போவதென்று முடிவானதும், என் கணவருடைய பழைய ஜக்கெட் ஒன்றைத் தோய்த்துக் கொடுத்தேன். மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, "மழைக்கோட் இருக்கு பிள்ளை, அது காணும்" என்றார்.

முப்பத்தைந்து வருசம் கடலில் நின்றவர். கடைசிப் பத்து வருசம் வலையை விட்டுவிட்டு, நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கினார். அப்படிப்பட்டவரைக் காசு கொடுத்து இன்னொருவருடைய போட்டில் ஏற்றுவது, சமையல்காரரைக் கலியாணப் பந்தியில் இருத்துவது மாதிரி. சாப்பிடுவார்தான். உப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் எழும்பமாட்டார்.

விடிய மூன்று மணிக்கு வான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. ரம்பொடை வளைவுகளில் மகள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். வழியில் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடந்தது. அப்பா வாயைத் திறந்தபடி நித்திரை. பின்னேரம் கடைவீதியில் குளிர் உடுப்பு விற்கிற இடத்தில் மகளுக்கு ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி வாங்கினோம். சொன்ன விலையில் பாதிக்குக் குறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய பெருமை. அந்தத் தொப்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் காலை புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாசி விடியற்காலைகளில் இது வழமை என்று விடுதிக்காரர் சொன்னார். அப்பா அந்தப் பழைய ஜக்கெட்டுக்கு மேல் மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.

கிரகரி வாவியை முதலில் பார்க்கும்போது, அது மலைகளுக்கு நடுவே ஆதியில் இருந்தே கிடந்தது போலத்தான் தோன்றும். உண்மையில் 1873 வரை அந்த இடம் சதுப்பு நிலம். பிதுருதலாகலை மலையில் இருந்து இறங்கி வருகிற ஓர் ஓடையை மறித்துக் கட்டியதால்தான் ஏரி உண்டானது. அப்போது இலங்கையின் ஆளுநராக இருந்தவர் வில்லியம் கிரகரி, பெயர் அவருடையது. 1881-இல் ட்ரவுட் மீன் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இதை என் கணவர் வாசித்துச் சொன்னதும் அப்பாவுக்கு முதல் தடவையாக இந்த ஏரியில் ஒரு அக்கறை வந்தது. "அந்த மீன் என்ன ருசி?" என்று கேட்டார். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போக ஒரு டிக்கெட், போட்டுக்கு இன்னொரு டிக்கெட். இவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கரையில் மட்டக்குதிரைகள், சோளம் அவிக்கிறவர்கள், மிதித்து ஓட்டுகிற அன்ன வடிவப் போட்டுகள். மகளுக்கு அன்னம்தான் வேணும். அப்பா அந்த பிளாஸ்டிக் கழுத்தை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில என்னை ஏத்தினா ஊரில முகம் காட்டேலாது" என்றார். மோட்டர் போட் என்று முடிவானது.

ஓட்டுகிற பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. உயிர்காப்பு அங்கியை நீட்டி, "ஐயா, இத போட்டுக்கிட்டாத்தாங்க எடுக்க முடியும்" என்றான்.

அப்பா அதை வாங்கவில்லை. "தம்பி, நான் கடல்காரன்."

"இருக்கட்டுங்க ஐயா."

நான் பின்னால் இருந்து, "நோ ஜக்கெட், நோ கோ" என்றேன். அது அப்பாவுடைய வசனம். புறாத்தீவுக்கு ஏறுகிற வெள்ளைக்காரருக்குப் பத்து வருசமாக அவர் சொன்ன ஒரே முழு ஆங்கில வாக்கியம் அது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜக்கெட்டுக்கு மேல் மழைக்கோட், அதற்கு மேல் அங்கி என்று பட்டி பட்டியாகக் கட்டிக்கொண்டு, யாரும் கை கொடுக்க முன்னம் ஏறி முன்பக்க அணியத்தில் போய்க் குந்தினார்.

கரையை விட்டு விலகியதும் முதல் வேலையாகக் கையைத் தண்ணீரில் விட்டு, விரலை நாக்கில் வைத்தார். பழக்கதோசம். நகரத்து வாய்க்கால் தண்ணீரும் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டத்து மண்ணும் வந்து சேர்கிற ஏரி அது. நான் கத்தினேன். அவர் கேட்கவே இல்லை.

"உப்பில்லை" என்றார். பிறகு பையனிடம், "கொடுத்து வைச்சனீ தம்பி. நாங்க ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்த கையோட எஞ்சினுக்கு நல்ல தண்ணி விட்டுக் கழுவோணும். இல்லையெண்டா உப்புத் தின்னுடும். உனக்கு அந்த வேலையே இல்லை."

பையன் சிரித்தான். கொஞ்சத் தூரம் போனதும் அப்பா தலையைச் சரித்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பாரே, அந்த மாதிரி.

"எத்தினை குதிரை?"

"நாப்பதுங்க."

"இழுவை காணாது. மூச்சு வாங்குது."

பையன் ஆச்சரியப்பட்டுப் போனான். இந்த உயரத்தில் காற்று மெல்லிசு. எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். கடல்மட்டத்தில் கிடைக்கிற வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கீழே இருந்து புது எஞ்சின் வந்தால் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றான். அதன் பிறகு எங்கள் குடும்பத்துக்கு அந்தச் சவாரியில் எந்த வேலையும் இருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் காற்றாடி, பெற்றோல், கறுத்தப் புகை என்று பேசிக்கொண்டே போனார்கள். அப்பா இடையில், நல்ல தண்ணீரில் போட் தாழ்ந்து நிற்கிறது என்று வேறு சொன்னார். கடல்நீர் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரை அளவுதான் கனம். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் பையன் தலையாட்டினான்.

அன்றைக்கு வெயில் சரிவாக விழுந்து, தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மறுகரையில் பைன் மரங்கள். ஒரு ஜெட் ஸ்கீ கிழித்துக்கொண்டு குறுக்கே போனது. அதன் அலையில் போட் ஒரு தரம் ஆடிய நேரம்தான் மகள் எட்டிப் பார்த்திருக்கிறாள். மஞ்சள் தொப்பி தண்ணீரில். பையன் திருப்பினான், துடுப்பால் எட்டினான். கம்பளி அல்லவா, குடித்துக் கனத்து அமிழ்ந்துவிட்டது. மகள் வாய் விட்டு அழத் தொடங்கினாள். நான் பேரம் பேசிய காசை நினைத்தேன்.

அப்பா பையனிடம், "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார்.

"கரண்ட் எடுக்கப் போகுதுங்க. அப்புறம் நானுஓயா. தலவாக்கலையில கொத்மலை ஓயாவோட சேந்துரும். அப்புறம் மகாவலி."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கட கங்கையா?"

மூதூர்ப் பக்கம் மகாவலியை யாரும் மகாவலி என்று சொல்வதில்லை. கங்கைதான். 335 கிலோமீற்றர் ஓடி வந்து எங்கள் கொட்டியாரக் குடாவில் அது கடலோடு சேர்கிறது. பாலம் வருவதற்கு முன்னம், மூதூருக்குப் போக அப்பா எத்தனையோ தரம் அந்தக் கங்கையைப் பாதையில் கடந்திருக்கிறார். பாதை என்றால் ரோட்டு அல்ல, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. மாரியில் மண்ணைக் கரைத்துக்கொண்டு செம்மஞ்சளாக வருகிற அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று எழுபது வயது வரைக்கும் தான் யோசித்ததே இல்லை என்று பிறகு விடுதியில் சொன்னார். வாடைக் காலத்தில் குடா கலங்கினால், "மேல மழை" என்பார்கள். அந்த மேல் இதுதான் போலிருக்கிறது.

அப்பா பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டார். "அழாத. உன்ர தொப்பி எங்க போகுது தெரியுமா? எங்கட ஊருக்குத்தான் வருது. மூதூர்ப் பாலத்தில நிண்டு எடுப்பம்."

அழுகை நின்றுவிட்டது. இவர் என் காதுக்குள், 1913-இல் இருந்தே இந்தத் தண்ணீரைச் சுரங்க வழியாக மின் நிலையத்துக்கு விடுகிறார்கள், தொப்பி அரைபட்டு நூலாகிவிடும், அதற்குப் பிறகு மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா என்று அணை அணையாக மறித்திருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லத் தொடங்கினார். பேசாமல் இருங்கோ என்றேன்.

கரையில் இறங்கும்போது அப்பா அங்கியைக் கழற்றிப் பட்டிகளை ஒழுங்காகக் கட்டி மடித்துக் கொடுத்தார். சித்திரையில் இங்கே சனம் குவிந்துவிடும், அது முடிந்ததும் வைகாசியில் திருமலைக்கு வா தம்பி, கடல் படுத்திருக்கும், புறாத்தீவு காட்டுகிறேன் என்றார். பையன் தான் இன்னும் கடலில் காலே வைத்ததில்லை என்றான். அப்பாவால் அதை நம்ப முடியவில்லை. வானில் ஏறிய பிறகும் இரண்டு தரம் சொன்னார்.

போன கிழமை மூதூரில் ஒரு சாமத்தியவீடு. கங்கைப் பாலத்தில் ஏறியதுமே மகள் வானின் கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மப்பா, தொப்பி வந்திட்டுதா?"

அப்பா சாரதியை வேகத்தைக் குறைக்கச் சொல்லி, எட்டி, ஆற்றை மேலும் கீழும் மெதுவாகப் பார்த்தார்.

"இன்னும் இல்லை" என்றார். "இப்பதான் கொத்மலை தாண்டியிருக்கும்."