செட்டித் தெருவிலிருந்து கடலோரம் வரை

தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: மெர்லயன் சிலை, மரீனா பே சாண்ட்ஸ், செந்தோசா, முஸ்தஃபா. அந்தப் பட்டியலில் நகர மையம் என்பது ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும் இடம். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கோ அது வேலைக்குப் போய்வரும் இடம். வெள்ளை வேட்டிக்கும் மல்லிகைச் சரத்துக்கும் தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறோமே தவிர, காரணமில்லாமல் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவோர் நம்மில் குறைவு. சிங்கப்பூர்த் தமிழரின் மிகப் பழைய தெருக்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதையும், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் ஒரு முழு நாளைக் கழிப்பதற்கான வசதிகள் அங்கே செறிந்து கிடக்கின்றன என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து தொடங்குவது நல்லது. நம் முன்னோர் அதைச் செட்டித் தெரு என்றே அழைத்தனர். நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் அங்கே வரிசையாக இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு சாய்வு மேசையும் பெட்டியுமாகத் தரையில் அமர்ந்து கணக்கெழுதிய அவர்களிடம் கடன் பெற்றுத்தான் பலர் வணிகம் தொடங்கினர். நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. இன்று அதே தெருவில் 280 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் 51ஆவது மாடியில் ஒரு தோட்டம் இருக்கிறது. வேலை நாள்களில் குறிப்பிட்ட நேரங்களில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், கட்டணம் கிடையாது. கத்தரியும் கீரையும் விளையும் பாத்திகளுக்கு நடுவே நின்று, துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்களைப் பார்க்கலாம். சாண்ட்ஸின் உச்சியில் பணம் கட்டிப் பார்க்கும் காட்சியைவிட இது எனக்கு உயர்வாகவே படுகிறது, ஏனெனில் இங்கிருந்து பார்க்கும்போது சாண்ட்ஸும் காட்சிக்குள் வந்துவிடுகிறது. அதே கட்டடத்தின் கீழ்த்தளங்களில் ஓர் உணவங்காடி நிலையமும் உண்டு.

அங்கிருந்து சில நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் ரோடு. 1827இல் மரமும் கூரையுமாக எழுந்த மாரியம்மன் கோயிலும், அதற்கு ஓராண்டு முன்பே சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அங்கே அருகருகே நிற்கின்றன. கோயிலை நிறுவிய நாராயண பிள்ளை 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர். சீனர்கள் மிகுந்த சைனாடவுனில் மாரியம்மன் ஏன் இருக்கிறாள் என்று வருவோர் வியக்கிறார்கள். நம்மவர் அங்கு குடியேறிய காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஊரே உருவாகியிருக்கவில்லை என்பதுதான் விடை. தீபாவளிக்கு முன் தீமிதி நடக்கும் நாளில், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து இங்கே பக்தர்கள் நடந்துவரும்போது இவ்விரு வட்டாரங்களும் ஓரிரவு இணைகின்றன.

தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்கு நான் யாரை அழைத்துச் சென்றாலும் நேரம் கொடுத்துத்தான் அழைத்துச் செல்வேன். இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தெரு ஒருகாலத்தில் கடற்கரை. கப்பலிலிருந்து பிழைத்துக் கரையேறியவர்கள் நன்றி சொல்வதற்காகவே அங்கு வழிபாட்டிடங்களைக் கட்டினார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா, நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாகக் கட்டப்பட்டது. இப்போது அது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாகச் செயல்படுகிறது. அதன் முகப்பின் கீழ்ப்பகுதியில் ஐரோப்பியப் பாணியில் பெரிய வளைவுகளும் தூண்களும். மேலே நிமிர்ந்து பார்த்தால், ஒரு சின்ன மாளிகையைக் கூரைமேல் எடுத்து வைத்தாற்போல வரிசை வரிசையாகச் சிறுமாடங்கள். அதே தெருவில் கடலன்னை மாசூவுக்கு ஹொக்கியன் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் ஆலயமும், நம்மவரின் அல் அப்ரார் பள்ளிவாசலும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலம் மீட்டபோது அலையோசை விலகிப் போயிற்று. சன்னதிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினால் சூலியா ஸ்ட்ரீட். தொடக்ககாலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகுகளை ஓட்டியவர்களில் சூலியாக்களே முன்னணியில் இருந்தனர். தொங்கான் என்னும் சரக்குப் படகுகளும் நாற்றமுமாக இருந்த அந்த ஆற்றை 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்தினார்கள். 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கவனா பாலத்தின் முனையில் ஒரு பழைய காவல்துறை அறிவிப்பு இன்னும் நிற்கிறது. மாடும் குதிரையும் பாலத்தைக் கடக்கக் கூடாது என்று அது இன்றைக்கும் தடை விதிக்கிறது. சிறுவர்களுடன் போகிறவர்கள் அதைப் படித்துக் காட்டாமல் வரக் கூடாது. பாலத்தைத் தாண்டியதும் டல்ஹௌசி நினைவுத்தூண். 1850இல் இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு வந்துபோனதைக் குறிக்கும் அந்தத் தூணின் ஒரு முகத்தில் தமிழ் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பாடாங் திடலைப் பற்றி நிறையவே எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். 1943 ஜூலை 5ஆம் நாள் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது நகர மண்டபத்தின் முன்னால் இருக்கும் இந்தப் புல்வெளியில்தான். அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். எஸ்பிளனேட் பூங்காவில் அப்படையின் நினைவுச்சின்னம் இருந்த இடத்தை ஒரு குறிப்புக்கல் அடையாளம் காட்டுகிறது. எதிரே, பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாயின. குடியுரிமை பெற்றோருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அதன் நிலையான காட்சிக்கூடங்கள் இலவசம். சுற்றுப்பயணிகள் கட்டணம் செலுத்த வேண்டும்.

இனி வசதிகள். நம் வெயிலையும் திடீர் மழையையும் நினைத்து வெளியே தலைகாட்டத் தயங்குவோர் அறிய வேண்டியது, நகர மையத்தின் பாதி தரைக்கடியில் இருக்கிறது என்பது. நகர மண்டபம் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து குளிரூட்டப்பட்ட சுரங்கக் கடைத்தொகுதி வழியாகவே எஸ்பிளனேட் கலையரங்கம் வரை போய்விடலாம். ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து மரீனா பே வரையிலும் அப்படியொரு வழி உண்டு. மின்தூக்கிகள் இருப்பதால் தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் தடையில்லை. ஆனால் வழிகாட்டிப் பலகைகள் கடைகளின் பெயர்களையே முன்னிறுத்துவதால், வயதானவர்கள் எந்த வாயிலில் ஏறுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வர நேர்கிறது. இதைச் சரிசெய்ய யாருக்கும் பெரிய செலவாகாது.

விக்டோரியா ஸ்ட்ரீட்டில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தை நான் வசதி என்றும் சொல்வேன், ஈர்ப்பு என்றும் சொல்வேன். அடித்தளத்தில் பொது நூலகம், மேல்மாடிகளில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம், அங்கே தமிழ் நூல்களும். எஸ்பிளனேடுக்குள்ளும் கலைகளுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. எஸ்பிளனேடின் முகப்புக் கூடத்தில் மாலைவேளைகளில் இலவச இசை நிகழ்ச்சிகள் நடக்கும். ஆண்டிறுதியில் வரும் கலா உத்சவத்தின்போது நம் பரதமும் கர்நாடக இசையும் அங்கே ஒலிக்கும். கரையோரப் பூந்தோட்டங்களிலும் குளிர்கூடங்களுக்குத்தான் நுழைவுச்சீட்டு வேண்டும். வெளித்தோட்டங்களும், 50 மீட்டர் வரை உயர்ந்த செயற்கைப் பெருமரங்களின் கீழ் இரவில் நடக்கும் ஒளி இசைக் காட்சியும் எல்லாருக்கும் பொது. இன்னும் சற்றுத் தள்ளியிருக்கும் மரீனா அணைக்கட்டின் கூரைப் புல்வெளியில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். 2008இல் அணை திறந்த பின் அந்த விரிகுடாவே நாம் குடிக்கும் நீருக்கான தேக்கமாகிவிட்டது.

சாப்பாட்டில்தான் திட்டமிடல் தேவை. அலுவலகத்தாரை நம்பி நடக்கும் கடைகளில் பல, சனி ஞாயிறுகளில் அடைத்துக் கிடக்கும். வேலை நாளில் பன்னிரண்டு மணிக்குப் போனால் எல்லா மேசையிலும் யாரோ இடம் பிடிக்க வைத்துச் சென்ற மெல்லிழைத்தாள் பொட்டலம் இருக்கும். ஆகவே விருந்தினரை ஒரு வேலை நாளில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அழைத்துச் செல்லுங்கள்: முதலில் செட்டித் தெருவின் மாடித்தோட்டம், பின்னர் தெலுக் ஆயர். இருட்டியதும் 1894இல் வார்ப்பிரும்புச் சட்டங்களால் எழுப்பப்பட்ட லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போனால், பக்கத்துப் பூன் டாட் ஸ்ட்ரீட்டில் போக்குவரத்தை நிறுத்திச் சாலையிலேயே மேசை போட்டுச் சத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு என்பவர்கள் ஆற்றங்கரையையும் பாடாங்கையும் நூலகத்தையும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தேக்காவில் முடித்துக்கொள்வதே நல்லது.