மருந்துக்கு முந்தைய வாரம்

புது மருந்து தொடங்கிய அன்றுதான் பலரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று குறிக்க நோட்டைத் திறக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போய் "வாரத்துக்கு நாலு நாள் தலை சுத்துது" என்றால், அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மருந்துக்கு முன்னாடி எத்தனை நாள் சுத்துச்சு?" நோட்டில் அதற்குப் பதில் இருக்காது. ஞாபகத்தில் தங்கியிருப்பதோ மோசமான நாட்கள் மட்டும்.

நோயாளிகள் தாங்களே சேர்த்த தகவலுக்கு எப்போது பலம் வருகிறது என்று பார்க்க, லித்தியம் என்ற மருந்தின் கதையைப் பார்த்தால் போதும். ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோயின் வேகத்தை லித்தியம் குறைக்கிறது என்று 2008-இல் இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதில் லித்தியம் சாப்பிட்டவர்கள் 16 பேர்தான். ஆனால் காத்திருக்க நேரமில்லாத நோய் அது. பலர் தங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, 'பேஷன்ட்ஸ்லைக்மீ' என்ற இணையதளத்தில் விவரங்களைப் பதிந்தார்கள். அவர்களில் 149 பேரின் பதிவுகளை அலசிய கட்டுரை 2011-இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் பலன் எதுவும் தெரியவில்லை. முறையான மருத்துவச் சோதனைகளும் பிறகு அதையே சொல்லின.

எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறொன்று. பேச்சு, விழுங்குதல், நடை, மூச்சு என்று 48-க்கு மதிப்பெண் போடும் அளவுகோலில், லித்தியத்தைத் தொடுவதற்கு முன்பிருந்தே பலரின் பதிவு அங்கே இருந்தது. அதனால்தான், அதுவரை நோய் அதே போக்கில் போய்க்கொண்டிருந்த, ஆனால் லித்தியம் எடுக்காத நோயாளிகளைத் தேடி ஜோடி சேர்த்து ஒப்பிட முடிந்தது. முந்தைய பதிவு இல்லாதிருந்தால் "எனக்குக் கேட்டுச்சு", "எனக்குக் கேட்கலை" என்ற பேச்சோடு நின்றிருக்கும்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்கு. மருந்தோ அளவோ மாறுவதற்கு முன் ஏழு நாள் பதிவு வேண்டும். (உடனே தொடங்கச் சொன்ன மருந்தை இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.) காலையில் மருந்துக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, நடுவே ஒரு நிமிடம். ஏழு நாளில் 28 அளவு வரும். முதல் நாள் நான்கையும் விட்டுவிட்டு மீதி 24-க்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம் என்பது வழக்கமான வரம்பு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கையில் சுற்றும் பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடும். கை தொங்கினாலும், பேசினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: கூடுதலாக வந்ததை அழித்துவிட்டு, 'நல்ல' எண் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பது.

தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சாரில் சிக்கல் நேர்மாறானது, எண்கள் மலைபோல் குவியும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 288. அத்தனையையும் நீட்டினால் எந்த டாக்டரும் படிக்க மாட்டார். 14 நாள் பதிவில், சர்க்கரை 70 முதல் 180 வரை இருந்தது எத்தனை சதவீத நேரம், 70-க்குக் கீழே எத்தனை சதவீதம் என்ற இரண்டு எண் முதலில் போதும். பெரியவர்கள் பலருக்கு முதலாவது 70 சதவீதத்துக்கு மேலும் இரண்டாவது 4 சதவீதத்துக்குக் கீழும் இருப்பது இலக்கு. முதியவர்களுக்கு இது மாறும். சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. அதனால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். சென்சார் உள்ள பக்கம் அழுத்திப் படுத்தால் நடுராத்திரியில் பொய்யான தாழ்வும் காட்டும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள்.

இனி நோயாளிகளின் இணையக் குழுமங்கள். அங்கே தொடர்ந்து எழுதுபவர்களில் தொல்லை தீராதவர்களே அதிகம். குணமானவர் பெரும்பாலும் சத்தமில்லாமல் விலகிவிடுவார். ஆகவே "இந்த மருந்து நல்லதா?" என்று கேட்டால் பயம்தான் மிஞ்சும். "வியர்வையில் சென்சார் பசை கழன்றால் என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள், டாக்டருக்கே தெரியாத பதில்கள் வரும். இன்னொருவருடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். சர்க்கரை 7 (மில்லிமோல்) என்று எழுதியவரும் 126 (மில்லிகிராம்) என்று எழுதியவரும் சொல்வது ஒரே அளவு. மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். மருந்தின் அளவை மட்டும் குழுமத்தில் கேட்டு மாற்ற வேண்டாம்.

பரிசோதனை முடிவைப் படமாகப் போடும்போது பெயரை மறைப்பவர்கள் நோயாளி எண்ணையும் பார்கோடையும் விட்டுவிடுகிறார்கள். போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் அடித்தால் பிரகாசத்தைக் கூட்டி வாசித்துவிடலாம், வெட்டி எடுப்பதே சரி. அரிய நோய் என்றால் வயது, ஊர், வேலை மூன்றே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மரபணு விவரம் இன்னும் ஒரு படி மேலே. 2023-இல் மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில், வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டுகளை வைத்துத் திறக்கப்பட்ட கணக்குகள் சுமார் 14,000. உறவினரைக் கண்டறியும் வசதி வழியாக வெளியே போனதோ ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம். அப்படிப்பட்ட தளத்தில் கணக்கு இருந்தால் இன்றைக்கே பார்க்க வேண்டியவை: அதே பாஸ்வேர்டு வேறெங்காவது இருக்கிறதா, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்கிறதா, உறவினர் தேடல் திறந்து கிடக்கிறதா.