ஓடிக்கொண்டிருந்த ஃபிரேம்

ஜூன் 4

புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் படங்களுக்குள் விழுந்துவிட்டேன். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுக்க 1908 முதல் அமெரிக்காவில் ஊர் ஊராக அலைந்தவர். மில்லுக்குள் விடமாட்டார்கள் என்று பைபிள் விற்பவராகக்கூட வேஷம் போட்டிருக்கிறார். பையன்களின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்தே கணக்கிடுவாராம்.

இன்று முழுக்க ஒரே படம்தான். 1911 ஜனவரி, பென்சில்வேனியா. நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கியெடுக்கும் பையன்கள். கரி, சட்டை, தொப்பி, முகம் எல்லாம் ஒரே கருப்பின் சாயல்கள். 'அடடா, என்ன டோன்!' என்று ரசித்துவிட்டு அப்புறம்தான் ஹைனின் குறிப்பைப் படித்தேன். சில நேரம் எதிரே பார்க்க முடியாத அளவுக்குத் தூசு, அது நுரையீரலின் அடிவரை போகிறது என்று எழுதியிருக்கிறார். நான் ரசித்த டோன் அதுதான். வெட்கமாக இருந்தது.

ஜூன் 6

பெரியப்பா வந்திருந்தார். கோவையில் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 1909-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் எடுத்த படத்தைக் காட்டினேன். உயரம் எட்டாமல் இரண்டு பையன்கள் ஃபிரேம் மேல், அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தின் மேல், ஏறி நிற்கிறார்கள். ஒருவனுக்கு வெறுங்கால்.

"எதுக்கு ஏறியிருக்கறான்?"

"அறுந்த நூலை ஒட்டவும் நூல் சுத்தற காலி பாபினை மாட்டவும்னு எழுதியிருக்கு பெரியப்பா."

"நூலை ஒட்டறதுன்னா ஃபிரேம் ஓடறப்பத்தான் கண்ணு. ஒரு நூல் அறுந்ததுக்கு ஃபிரேமையே நிறுத்த உடுவாங்களா?"

அந்த ஃபிரேம் நின்றுகொண்டிருப்பதாகவே நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படத்தில் எல்லாமே நின்றுதானே இருக்கிறது. சத்தமும் இல்லை.

ஜூன் 7

மழை. கரண்ட் இல்லை.

ஜூன் 9

ஹைனின் பிரபலமான படம், 1920: நீராவி பம்ப்பின் வட்டத்துக்கு ஏற்றபடி முதுகை வளைத்து, பெரிய ஸ்பேனரோடு ஒரு மெக்கானிக். இரும்பும் தோளும் ஒரே மாதிரி மின்னுகின்றன. உழைப்பின் சின்னமாக இதைத்தான் எங்கும் போடுகிறார்கள். பெரியப்பா பார்த்துவிட்டு, "தலை வாரி, போட்டோவுக்குன்னு நிக்கறான்" என்றார். அது உண்மைதான், நிற்கவைத்து எடுத்த படம். எனக்கும் இது அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவரே மேக்கன் படத்தை மறுபடி எடுக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாபின்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எத்தனாம் நம்பர் நூல் ஓடுச்சாம்?"

குறிப்பில் ஊர் இருக்கிறது, மில்லின் பெயர் இருக்கிறது. நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் அந்த நம்பர் இல்லை.