டைல் குளிர்ந்திருந்தால் மெழுகு ஒட்டாது: என் ஏ லெவல் ஓவியப் பரீட்சை

போன வியாழன் முடிவு வந்தது. ஏ லெவல் என்றால் இங்கே பிரிட்டனில் பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சை. ‘பி’. ‘ஏ’ வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்ததால் இரண்டு நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. 39 வயதில், மகளின் வயதுப் பிள்ளைகளோடு இருந்து செய்த பரீட்சை. இப்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெப்ரவரி முதலாம் தேதி வினாத்தாள் வாங்கப்போகிறவர்களில் யாருக்காவது மெழுகில் செய்யும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான் எடுத்தது என்காஸ்டிக். தேன்மெழுகோடு டமார் பிசினையும் (நம் குங்கிலியத்தின் சொந்தக்காரன்) நிறத்தூளையும் சேர்த்து உருக்கி, சூட்டோடு தீட்டுவது. 15 சென்டிமீட்டர் டைல் ஒன்பது. சேர்த்து வைத்தால் ஒரு வீட்டு வாசல்.

முதல் வாரம் பெயரால் போனது. ‘என்காஸ்டிக் டைல்’ என்று தேடினால் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் தரைதான் வருகிறது, பியூஜின் என்ற வடிவமைப்பாளர் வரைந்து மின்டன் என்ற ஓட்டுக் கம்பனி செய்து கொடுத்தவை. ஆறு பக்கம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, அவற்றில் மெழுகு ஒரு துளியும் கிடையாது, நிறக் களிமண்ணைப் பதித்துச் சுட்டது என்று. நமக்கு வேண்டியது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஃபயூம் முகங்கள். ரோமர் ஆண்ட எகிப்தில் மம்மியின் முகத்துக்கு மேல் வைத்துக் கட்டிய பலகைகள். எல்லாம் மெழுகு அல்ல, பக்கத்துக் குறிப்பை வாசியுங்கள். மெழுகில் செய்தவற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னத்தில் மெழுகு இழுபட்ட தடம் இன்னும் தெரியும்.

மார்ச்சில் ஒத்திகை. ஓவிய அறை குளிர். மெழுகு டைலைத் தொட்டதும் உறைந்தது. நானும் விடாமல் அதன்மேலேயே ஐந்து தடவை பூசினேன். மறுநாள் காலை கையில் எடுத்தால், கதவின் நீலம் தாச்சியிலிருந்து தோசை கழல்வதுபோல் முழுசாகக் கழன்று வந்தது. ஆத்திரத்தில் நான்கு டைலையும் குப்பையில் போட்டேன்.

என் ‘ஏ’ போனது அந்தக் குப்பைத்தொட்டியில்தான். ஏஓ2 (புள்ளி போடும் அளவுகோல்களில் ஒன்று) என்பதே முயன்றதையும் பிழையாய்ப் போனதையும் திருத்தியதையும் காட்டுவது. “அந்த நான்கையும் வைத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் போதுமே” என்று ஆசிரியை இப்போது சொல்கிறார். நான் போடும்போது பக்கத்தில்தான் நின்றார்.

சரி, வேலைக்கு வருவோம்.

- மினுக்குப் பூசாத, ஒருமுறை சுட்ட டைல் மட்டும். வழுவழுப்பானதில் மெழுகு பிடிக்காது. அடியில் அக்ரிலிக் பூசவே வேண்டாம்.
- டைலை ஹொட்பிளேட்டில் (மின்சாரச் சூட்டுத் தட்டு) சூடாக்குங்கள். கிட்டக் கையை வைத்தாலே சூடு தெரியவேண்டும்.
- ஒவ்வொரு பூச்சும் கீழே உள்ளதோடு ஒட்ட ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடியுங்கள். மேற்பரப்பு ஈரம்போல் மினுங்கியதும் எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு நொடி நின்றால் கோடெல்லாம் ஓடிவிடும்.
- தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகும். தட்டை 90ஐ ஒட்டி வையுங்கள். புகை வந்தால் சூடு கூடிவிட்டது, யன்னலைத் திறவுங்கள்.
- பிழையாய்ப் போன டைலை எறியாதீர்கள். எறியாதீர்கள்.

பரீட்சைக்குத் தரும் பதினைந்து மணி நேரத்தில் முதல் மூன்று மணி தொடர்ச்சியாக இருக்கவேண்டும் அல்லவா? நான் அதை அடிப்பூச்சுக்கே கொடுத்தேன். பொறுமை இல்லாத ஆளுக்கு அது சரி, திட்டம் போட்டு வேலை செய்கிறவர்கள் வேறு மாதிரிப் பிரிக்கலாம். மெழுகு உருகவே அரைமணி போகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

அப்புறம் மங்கல். மெழுகின் மேல் சில நாளில் வெண்மையாக ஒரு படலம் பூக்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். கடைசி அரைமணியை அதற்கு விட்டு, தேய்த்துத்தான் கொடுத்தேன். புள்ளி சரிபார்க்க ஆள் வந்த வாரம் அறையை எட்டிப் பார்த்தால் ஒன்பதிலும் மறுபடி பூத்திருந்தது. நேரம் முடிந்த வேலையில் கைவைக்கக் கூடாது. சேலைத் துண்டு கைப்பையில் இருந்தது.