மாமா வீட்டு கம்ப்யூட்டரும் 2012ஆம் ஆண்டும்

மாமா வீட்டு கம்ப்யூட்டரில் கரண்ட் பில் கட்டும் தளம் திறக்கவில்லை, ஜிமெயில் திறக்கவில்லை, கடைசியில் கூகுளே திறக்கவில்லை. தென்காசியிலிருந்து அவர் போனில் சொன்னது மட்டும் வழக்கமான ஒரே வரிதான்: "மாப்ளே, நெட்டு வரல."

அதே வைஃபையில் அவருடைய மொபைல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன், அப்போதும் ஓடியது. ஆக, லைனிலும் மோடத்திலும் பழுதில்லை. இதை முதலில் பார்க்காமல் இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லியே பொழுது போய்விடும்.

அடுத்து கமாண்ட் பிராம்ப்ட். கருப்புத் திரையைப் பார்த்ததும் மாமா கொஞ்சம் மிரண்டார். மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்க 'பிங் 8.8.8.8' என்று அடிக்கச் சொன்னேன். அது கூகுள் நடத்தும் டிஎன்எஸ் சர்வரின் எண்; தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தருவதுதான் டிஎன்எஸ். பதில் வந்தது. எண்ணை எடுத்துவிட்டு கூகுள் தளத்தின் பெயரைப் போட்டார், அதற்கும் வந்தது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில் இருக்கும். இங்கே இரண்டும் சரி. குரோமில் திறக்காதது ஃபயர்பாக்ஸிலும் திறக்கவில்லை என்றதும் குக்கீ, கேஷ், எக்ஸ்டென்ஷன் மேல் இருந்த சந்தேகமும் போய்விட்டது.

இதற்குள் பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்து, "வைரஸ், ஃபார்மட் பண்ணணும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் ஃபார்மட் என்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

"மாமா, திரையில இருக்கிறத அப்படியே வாசிங்க."

"கடிகாரப் படம் போட்டு, யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்னு என்னமோ இருக்கு."

"அப்ப கம்ப்யூட்டர்ல தேதி என்ன காட்டுது?"

"தேதி எங்க காட்டுது? மணி மட்டும்தான். அதுவும் தப்பாத்தான் இருக்கும், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்குவேன்."

விண்டோஸ் 10 டாஸ்க்பாரில் ஐகான்களைச் சின்னதாக வைத்திருந்தால் மூலையில் மணி மட்டும்தான் தெரியும். மவுஸை அதன் மேல் கொண்டுபோகச் சொன்னேன். வாசித்தார்: ஜனவரி 1, 2012.

ஹெச்டிடிபிஎஸ், அதாவது பாதுகாப்பான இணைப்பில் வரும் தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2020 செப்டம்பர் 1 முதல் வழங்கிய சான்றிதழ்களுக்கு அதிகபட்சம் 398 நாள்தான் ஆயுள் என்று பெரிய பிரவுசர்கள் அப்போது கறார் செய்தன. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் பெரும்பாலும் 90 நாளுக்கானது. பிரவுசரோ கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத்தான் நம்புகிறது. 2012இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் செல்லத் தொடங்கவே இல்லை. சான்றிதழே கேட்காத பழைய ஹெச்டிடிபி பக்கம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன், அது மட்டும் உடனே வந்தது. ஒரு தளம் வந்து இன்னொன்று வராததால்தான் வைரஸ் என்று நினைக்கத் தோன்றுகிறது. பிரவுசரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவதும் வீண். அதை டவுன்லோடு செய்யும் தளமும் திறக்காதே!

செட்டிங்ஸில் போய்த் தேதியையும் மணியையும் கையால் திருத்தினார். எல்லாம் திறந்தது. மறுநாள் காலையில் மறுபடி போன். மறுபடி 2012.

"மாமா, ஆன் பண்ணும்போது ஏதாவது கேக்குதா?"

"ஆமா, எஃப்1 அமுக்கச் சொல்லும். அமுக்குவேன். ரொம்ப நாளா அப்படித்தானே!"

சரி, தேதியை நினைவில் வைத்திருக்கும் மதர்போர்டு பேட்டரி போய்விட்டது. சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரி, 3 வோல்ட். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கொஞ்சம் மின்சாரம் கொடுத்து உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓட்டும். சுவிட்சை அணைத்தால் பாரம் முழுக்க பேட்டரி மேல். மாமா இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி சுவிட்சை அணைத்துவிடுவார். குற்றாலச் சாரல் ஊரில் அது நல்ல பழக்கம்தான், அதை நான் மாற்றச் சொல்லவில்லை.

விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். செய்யும், ஆனால் வித்தியாசம் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். வீட்டு கம்ப்யூட்டரில் வழக்கமான அமைப்பு 54,000 நொடி, அதாவது 15 மணி நேரம். அதற்கு மேல் தள்ளியிருந்தால் கை வைக்காது. பல வருஷ வித்தியாசத்துக்கு எங்கே போவது?

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டேன். கழற்றும் முன், விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு என்னவென்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டது உதவியது. பேட்டரியை எடுத்தால் அந்த அமைப்பும் மாறிப்போகலாம், மாறினால் விண்டோஸ் கிளம்பாது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தரம் அமுக்கி மிச்ச மின்சாரத்தை இறக்கி, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி எம்பி வரும். புதியதைப் பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி அமுக்கினேன். பயாஸில் தேதி போட்டு, சாட்டா மோடைப் படத்தோடு ஒப்பிட்டு, எஃப்10 கொடுத்துச் சேமித்தேன்.

அன்று ராத்திரியும் மாமா வழக்கம்போல சுவிட்சை அணைத்தார். காலையில் எஃப்1 கேட்கவில்லை, தேதி சரியாக நின்றது, கரண்ட் பில்லையும் கட்டிவிட்டார். லேப்டாப்பில் இதே தொல்லை வந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. பல மாடல்களில் இந்த பேட்டரி ஒயரோடு சேர்ந்து உள்ளே ஆழத்தில் இருக்கும், பாதி லேப்டாப்பைக் கழற்ற வேண்டிவரும்.