சாமி வந்த பிள்ளை

எங்கள் ஊர் மலேசியாவில், ஈப்போ பக்கம் உள்ள சுங்கை சிப்புட். தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்தில் பிறந்து, தோட்டம் ரப்பர் பால்மரத்திலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது ஒரு செம்பனை ஆலையில், லாரிகளை எடைபோடும் எடைப்பாலத்தில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது வயது 36.

நானாகத் தேடிப் போகவில்லை. அண்ணன் மகனுக்கு ஒன்றரை வயதானபோது அண்ணிக்குத் துணையாகக் கிளினிக் போயிருந்தேன். 18 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க அங்கே எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரலால் சுட்டிக் காட்டுகிறானா, வீட்டில் வழக்கமாகக் கேட்கும் சத்தத்துக்கே மிரள்கிறானா என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வரிசையாகக் கேட்டார். பையன் ஒரு குறையும் இல்லாமல் தேறிவிட்டான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஒரு மாதம் யோசித்துவிட்டு, அதே கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி எனக்கே நம்பர் எடுத்தேன். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிறீர்கள், நன்றாகப் பேசுகிறீர்கள், கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறீர்கள், பிறகென்ன என்றார். “கண்ணைப் பார்க்கவில்லை டாக்டர், உங்கள் புருவத்துக்கு நடுவில் பார்க்கிறேன். பதினைந்து வயதில் பழகியது” என்றேன். உங்களிடம் சொல்லப்போவதை நேற்றிரவே எழுதி மனப்பாடம் செய்துவிட்டு வந்தேன் என்று தாளையும் காட்டினேன். பேசாமல் ஈப்போ ஆஸ்பத்திரிக்குச் சூராட், அதாவது கடிதம், எழுதிக் கொடுத்தார். மனநலப் பிரிவில் நாள் கிடைக்க நான்கு மாதம் ஆனது.

வீட்டில் சொல்வதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஆட்டிசத்தை மன இறுக்கம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தாரோ தெரியாது, என் அம்மாவிடம் அது எடுபடவில்லை. “உனக்கு என்னடி இறுக்கம்? கல்யாணம் வேண்டாம்னு நீதானே சொன்ன?” என்றார். பிறந்ததிலிருந்தே மூளை வேலை செய்யும் விதமே வேறு, இது கவலையால் வருவதில்லை என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

ஆனால் அம்மா இல்லாமல் நடக்காது. பெரியவர்களுக்குப் பார்க்கும்போதும், சின்ன வயதிலேயே அறிகுறி இருந்ததா என்று தெரிந்தாக வேண்டும். அதனால் இரண்டாவது தடவை அம்மாவைக் கூட்டிப்போனேன். தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் கார்டுகளையும் எடுத்துக்கொண்டேன். ஆறு வருடமும் ஏறக்குறைய ஒரே வரி: நல்ல மாணவி, பேசுவதில்லை.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலாய் பசாரில் பேசும் அளவுதான். ஆக, என் சிறுவயதை அம்மா தமிழில் சொல்ல, நானே அதை மலாயில் டாக்டருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. “தட்டுல சோறும் குழம்பும் ஒட்டக்கூடாது, ஒட்டினா தட்டையே தூக்கிப் போடுவா” என்றார். சொன்னேன். “அவங்கப்பா செத்த அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வந்தவங்க செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியா அடுக்கிட்டு இருந்தா.” இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் காத்திருந்தார்.

அப்புறம் அம்மா ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் கதைக்கு வந்தார். தைப்பூசம், எனக்கு ஏழு வயது. உருமி மேளம் பக்கத்தில் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து தலையை ஆட்டிக் கத்தினேனாம். சுற்றியிருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று விபூதி போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து, சிலர் குறியும் கேட்டார்களாம். இந்தக் கதை எங்கள் சொந்தத்தில் பிரபலம். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: தோல் முழுக்க ஊசி இறங்குவதுபோல் அந்தச் சத்தம்.

மூன்றாவது தடவை, உங்களுக்கு எது நன்றாக வரும் என்று டாக்டர் கேட்டார். எங்களிடம் வழக்கமாக வரும் 43 லாரிகளின் வெற்று எடையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருநாள், எப்போதும் 9,840 கிலோ காட்டும் லாரி 9,680 காட்டியது. கேட்டைத் திறக்க மாட்டேன் என்றேன். டிரைவர் கத்தினார், சூப்பர்வைசர் கூட விடும்மா என்றார். போய்ப் பார்த்தால் இரண்டு ஸ்பேர் டயர்கள் ஆலைக்குள் புதரில் கிடந்தன. உள்ளே வரும்போது டயரோடு எடை, வெளியே போகும்போது டயர் இல்லாமல் எடை. நடுவில் 160 கிலோ பழத்துக்குக் காசு. அதற்காக மானேஜர் பாராட்டினார். அதே மானேஜர் போன வருடம் என் எடைத்திரையை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றி வைத்தார். இரண்டு நாள் வாந்தி எடுத்து எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டேன். அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். டாக்டர் இரண்டையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்.

முடிவு: ஆட்டிசம், நிலை ஒன்று. மூன்று நிலைகளில் குறைந்த உதவி தேவைப்படுவது. குறைந்த உதவி என்றால் உதவியே வேண்டாம் என்று ஊர் புரிந்துகொள்கிறது, அது வேறு விஷயம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். செம்மோர் தாண்டியதும் கேட்டார்: “அப்ப அன்னைக்குக் கல்லுமலையில வந்தது சாமி இல்லையா?”

“இல்லம்மா. உருமி.”

“அவ்வளவு பேர் கால்ல விழுந்தாங்களே” என்றார். ஊர் வரும்வரை வேறு பேச்சில்லை.

மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓகேயு கார்டு, எடுப்பது கட்டாயமில்லை. நான் எடுத்தேன். பாரத்தில் டாக்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஐசி (அடையாள அட்டை) நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், அவ்வளவுதான். சமூகநல இலாகாவில் கொடுத்தால் காசு கிடையாது. ஆட்டிசத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை, ‘கற்றல் பிரச்சினை’யில்தான் போடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு வரை படித்தவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கையெழுத்துப் போட்டேன்.

கார்டின் நகலை மானேஜரிடம் கொடுத்து இரண்டே இரண்டு கேட்டேன்: ஷிஃப்ட் மாற்றத்தை முதல்நாளே வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும், மேசையை நகர்த்துவதற்கு முன் கேட்க வேண்டும். சரி என்றார். இதுவரை ஒருமுறைதான் மறந்திருக்கிறார். ஆலையில் கொடுக்கும் காதடைப்பான்களை இப்போது கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோகிறேன்.

கார்டை அம்மா சாமி மேடையில், முருகன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டுமாம்.